எங்க ஊரு வாதாங்கொட்டைக்கு ஒரு வக்காலத்து

முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நீங்கள் ராத்திரி தண்ணியில் ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்துத் தின்கிற பாதாமும், எங்க தேவாரம் பக்கம் பள்ளிக்கூட வாசலிலும் தோட்டத்து ஓரத்திலும் குடை குடையாக நிற்கிற பாதாம் மரத்துக் கொட்டையும் ஒன்று கிடையாது. ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அசல் பாதாம் ரோஜாக் குடும்பம். பீச், பிளம்ஸ் எல்லாம் அதுக்குப் பங்காளி. எங்க மரம் மருதமரத்துக்கும் கடுக்காய்க்கும் தான்றிக்காய்க்கும் பங்காளி. புத்தகத்தில் நாட்டு வாதுமை என்று போட்டிருப்பார்கள். ஊரில் வாதாங்கொட்டை மரம் என்போம், பாதாம் மரம் என்றும் சொல்வோம். விஞ்ஞானப் பெயர் டெர்மினாலியா கட்டப்பா. சிரிக்காதீங்க, பாகுபலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மலாய்க்காரர்கள் இந்த மரத்தைக் கெட்டாபாங் என்று சொல்வார்கள். அதிலிருந்து வந்த கட்டப்பா. கடற்கரை மரம் இது. காய் தண்ணீரில் மிதந்து போய்க் கரை ஒதுங்கி முளைக்கும். மனுஷன் கொண்டுவந்து நட்டதால் மலையடிவாரம் வரைக்கும் வந்து நிற்கிறது.

உள்ளே இருக்கிற பருப்பு பார்க்கவும் தின்னவும் பாதாம் மாதிரியே இருந்ததால் யாரோ அந்தப் பெயரை இதுக்கு வைத்துவிட்டார்கள். அதில் இருந்து பிடித்தது வினை. பெயரைக் கடன் வாங்கினோம், இன்றைக்கு வரைக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். "இது அசல் பாதாம் இல்லையே" என்று சொல்லியே இந்த மரத்தை மட்டம் தட்டுகிறார்கள். அது எப்போதய்யா சொன்னது, நான்தான் அசல் பாதாம் என்று?

இந்தப் பெயர்க் குழப்பத்தில் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்க தோட்டத்துக்கு ரெண்டு தோட்டம் தள்ளி, மதுரையில் இருந்து வந்த ஒரு சார் ரெண்டு ஏக்கர் வாங்கினார். உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷர். இப்போ இந்தப் பக்கம் மலை தெரிகிற மாதிரி நிலம் என்றால் பட்டணத்துக்காரர்கள் வந்து வாங்குகிறார்கள், அது தனிக்கதை. அவர் ஒரு வெளியூர் நர்சரியில் இருந்து அறுபது பாதாம் கன்று, ஒன்று 350 ரூபாய் மேனிக்கு, வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். சொட்டுநீர்க் குழாய் போட்டு, கன்றுக்குக் கன்று குச்சி ஊன்றிக் கட்டி, பிள்ளை மாதிரி பார்த்தார். மூணாவது வருஷம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "அண்ணாச்சி, இலையைப் பாருங்க, எவ்வளவு செழிப்பா இருக்கு!"

இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் என் கை அகலம். அசல் பாதாம் இலை மாவிலையைவிடச் சிறுசு, ஒடுங்கின நீட்டு இலை. பீச் இலை பார்த்திருந்தால் அதே ஜாடைதான். "சார், இது நம்ம ஊரு வாதாங்கொட்டை மரம்"னு சொன்னேன். மனுஷன் முகம் செத்துப் போச்சு. நர்சரிக்குப் போன் போட்டார். அவன் கூசாமல் சொன்னானாம், "பாதாம் கன்றுதானே சார் கேட்டீங்க, பாதாம் கன்றுதானே கொடுத்தோம்"னு. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்க. பேச்சு அவ்வளவு சுத்தம். இங்கே எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் அதுக்குப் பேர் பாதாம் கன்றுதான்.

ஆனால் அவன் அசல் கன்றையே கொடுத்திருந்தாலும் கதை ஒன்றுதான். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாதாம் மரத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். நம்ம மார்கழிக் குளிர் இல்லை. ஏழு டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் மரம் இலை கொட்டித் தூங்கணும். அப்போதுதான் மொட்டு விழிக்கும். பூத்த பிறகு கடும் பனி விழக்கூடாது. காய் முற்றும்போது மழை கூடாது, வறண்ட வெயில் வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கே சேராது. பக்கத்தில் வேறு ரகம் நிற்கணும், தேனீ வந்து போகணும். இந்தியாவில் இதெல்லாம் கூடி வருவது காஷ்மீரிலும், இமாசலத்தில் கின்னௌர் மாதிரி சில மலைப்பக்கத்திலும்தான். ஸ்ரீநகரில் பாதாம்வாரி என்று ஒரு தோட்டமே இருக்கிறது, மார்ச் மாசம் பூக்கும்போது ஊரே கூடிப் பார்க்கும். அங்கேயும் விவசாயி பாதாமை விட்டுவிட்டு ஆப்பிளுக்கு மாறிக்கொண்டிருக்கிறான்.

"கொடைக்கானலில் பிளம்ஸ் காய்க்கிறதே, போடிமெட்டில் பாதாம் வைத்தால் வராதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பிளம்ஸில் கொஞ்சம் குளிருக்கே மசிகிற ரகங்கள் இருக்கு. தவிர எங்க மேல்மலை ஏலக்காய்க்கு ஏற்ற மலை. மூடுபனியும் சாரலும் ஈரமும் இருந்தால்தான் ஏலம் பிழைக்கும். அதே ஈரம் பாதாமுக்கு எமன். கீழே எங்க மண்ணிலோ வெயில் இருக்கு, குளிர் இல்லை. தேவாரத்தில் கலிஃபோர்னியா பாதாம் காய்க்கும் என்று யாராவது கன்று விற்க வந்தால், அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். காசு கொடுக்காதீர்கள்.

அந்த சார் அறுபதையும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். எதுக்கு வெட்டணும்? அது காய்க்கிற மரம்தானே. தின்கிற பருப்புத்தானே.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. பட்டணத்தில் இருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் மரத்தடியில் கிடக்கிற பழத்தை எடுக்கும். உடனே தாய்க்காரி ஓடிவந்து கையைத் தட்டிவிடுவாள், "சீ, கீழ போடு, விஷம்"னு. விஷமா? நாங்கள் எல்லாம் அதைத் தின்றுதானே வளர்ந்தோம். சிவந்து பழுத்த பழத்தின் சதை புளிப்பும் இனிப்புமாய் நார் நாராக இருக்கும், நாக்கு துவர்த்துப்போகும். சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் காயப்போட்டு உடைப்போம். பருப்பு சின்ன விரல் கனம்கூட இருக்காது. உரித்தால் வெள்ளை வெளேர் என்று, பாயைச் சுருட்டி வைத்த மாதிரி சுருண்டு இருக்கும். பாதிக்குப் பாதி எண்ணெய், புரதமும் நல்லா இருக்கு. எங்க அப்பத்தா நூறு கொட்டை உடைத்துக் கருப்பட்டி சேர்த்து இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கும். அதைத் தின்றவர்கள் யாரும் சாகவில்லை. நானே ஐம்பது தாண்டியும் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷம் என்று பார்த்தால், உங்க அசல் பாதாமுக்குத்தான் கசப்பு பாதாம் என்று ஒரு உடன்பிறப்பு இருக்கு. அதில் சயனைடு உண்டாகும். நாலைந்து தின்றாலே சின்னப் பிள்ளைக்கு ஆகாது. கடையில் வருவது இனிப்பு ரகம், அதனால் பயமில்லை. ஆனால் விஷப் பேச்சை ஆரம்பித்தது நீங்கள்தானே, அதனால் சொன்னேன்.

ஒரு நியாயமான பயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். இந்தப் பழம் என்றால் வௌவாலுக்கு உசிரு. ராத்திரி வந்து கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே என்று சொல்கிறார்கள். எங்களுக்கு மலையைத் தாண்டினால் கேரளா, தினமும் ஆள் போய்வருகிற தூரம். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். பல் பட்ட பழம் வேண்டாம். முழுசாக விழுந்ததைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயப்போட்டு உடையுங்கள். கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் இதையும் தொடாதீர்கள். அவ்வளவுதான் எச்சரிக்கை. அதுக்கு மேலே சொல்கிறதெல்லாம் பட்டணத்து அருவருப்பு.

பசிபிக் சமுத்திரத்தில் வனுவாட்டு, சாலமன் தீவு என்று இருக்கின்றன. அங்கே இதே கட்டப்பா மரத்துப் பருப்பைச் சந்தையில் வைத்து விற்கிறார்கள், ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். பருப்பு பெருசாக இருக்கிற மரம், ஓடு மெலிசாக இருக்கிற மரம் என்று பார்த்துப் பார்த்து விதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். நாம் என்ன செய்தோம்? நிழலுக்கு நட்டோம். குப்பை விழுகிறது என்று திட்டினோம். எந்த மரத்தில் பருப்பு பெருசு என்று ஒருத்தராவது குறித்து வைத்தோமா? எங்க ஊரிலேயே ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் பருப்பில் அத்தனை வித்தியாசம் இருக்கிறது. கொட்டை பொறுக்குகிற பயல்களைக் கேட்டால் எந்த மரம் நல்ல மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அவன்களிடம் வந்து கேட்டதில்லை.

இனி கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க தெருவில் ஒரு மதினி. விடியக்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். தேவாரம், கோம்பை, போடி எல்லாப் பக்கமும் பொம்பளைகள் இப்படித்தான் போகிறார்கள். ஜீப்பில் ஆள் மேல் ஆளாக உட்கார்ந்து, கொண்டைஊசி வளைவு ஏறி, இடுக்கிப் பக்கம் பழம் எடுத்துவிட்டு இருட்டினதும் வருவார்கள். மதினியின் மகளுக்கு முதல் பிரசவம், அஞ்சாம் மாசம். உடம்பில் ரத்தம் குறைச்சல். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டுப் பொம்பளைகளில் பாதிக்கு மேலே ரத்தசோகை என்று அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்கிறது. அந்தப் பிள்ளை கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறது. கர்ப்பிணிப் பெண்கள் தினமும் பத்து பாதாம் தின்றால் குழந்தை அறிவாளியாய், சிவப்பாய்ப் பிறக்கும் என்று. சிவப்பாய்! மதினி கால் கிலோ பாதாம் வாங்கிவந்தார். ஒரு நாள் கூலியில் பாதி போச்சு. அந்தப் பாதாம் வந்த வாரம் வீட்டில் முட்டை நின்னு போச்சு.

"மதினி, எங்க களத்துல கடலை காயுது, ஒரு படி அள்ளிட்டுப் போங்க"ன்னு சொன்னேன். "கடலை தின்னா பித்தம்னு சொல்றாக தம்பி, பாதாம்தான் சத்தாம்"னாங்க.

யார் சொன்னது? யார் சொல்லி எங்க தெரு வரைக்கும் இது வந்தது? நீங்கள்தான். பட்டணத்தில் இருக்கிறவர்கள் எதைத் தின்கிறீர்களோ அதுதான் சத்து என்று எங்க ஆட்கள் நம்புகிறார்கள். நீங்கள் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்து பாதாம் கொறிக்கிற படம் இங்கே வந்து சேருகிறது. வாங்குகிற வசதி மட்டும் கூட வருவதில்லை.

சத்துக் கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் கடலையில் புரதம் 25 கிராமை ஒட்டி, பாதாமில் 20ஐ ஒட்டி. கொழுப்பு ரெண்டிலும் கிட்டத்தட்ட பாதி. கர்ப்பிணிக்கு மாத்திரையாகவே கொடுக்கிறார்களே ஃபோலிக் அமிலம், அந்தச் சத்து பாதாமில் இருப்பதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலே கடலையில் இருக்கு. பாதாம் ஜெயிக்கிற இடமும் இருக்கு. வைட்டமின் ஈ அதில் ரொம்ப அதிகம், சுண்ணாம்புச் சத்தும் அதிகம். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்துக்கு எள்ளும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் வீட்டுவாசலில் கிடக்கிறது. பூஞ்சை பிடித்த கடலையைத் தின்னாதீர்கள், அது நஞ்சு. நல்ல கடலை, ஒரு முட்டை, எள்ளுருண்டை, கீரை, அதோடு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. அந்தப் பிள்ளைக்குத் தேவையாக இருந்தது இதுதான். கால் கிலோ பாதாம் இந்த எல்லாத்தையும் தள்ளிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது.

விலையைக் கேளுங்கள். 2025-26க்கு மத்திய அரசு கடலைக்கு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். கிலோ 73 ரூபாய்கூட வராது. அதுவும் தோலோடு. நூறு கிலோ உடைத்தால் எழுபது கிலோ பருப்பு தேறும். ஆக, பருப்புக் கணக்கில் பார்த்தாலும் 104 ரூபாய்தான். அந்த ஆதார விலையும் பேப்பரில்தான். களத்துக்கு வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி, ஓட்டை நசுக்கிப் பார்த்து, "ஈரமா இருக்கே அண்ணே"ன்னு உதட்டைப் பிதுக்கி அதுக்குக் கீழேதான் கேட்பான். உழவு, விதை, களையெடுப்பு, செடி பிடுங்குகிற கூலி, ஆய்கிற கூலி, மழை ஏமாற்றினால் மொத்தமும் போச்சு. இதே சமயத்தில் பாதாம் கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம், அதுக்கு மேலேயும் விற்கிறது. அந்த வியாபாரியோடு பேரம் பேசுகிறதைப் போல சூப்பர் மார்க்கெட்டில் பாதாம் பாக்கெட்டோடு யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

உடனே "நாட்டுப் பொருள், பாரம்பரியம்"னு கொடி பிடிக்க வந்துட்டான்னு நினைக்காதீங்க. கடலையே நம்ம ஊர்ப் பயிர் இல்லை. தென்னமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது. வடக்கு மாவட்டத்தில் இன்னும் மணிலாக்கொட்டை என்றுதான் சொல்கிறார்கள். எங்க மிளகாய், தக்காளி எல்லாம் அப்படி வந்ததுதான். வந்தது இந்த மண்ணில் வேர் பிடித்தால் அது நம்ம பயிர். மானாவாரியில், மேற்கு மலை மழையை மறைத்துவிடுகிற இந்தப் பக்கத்து மண்ணில், நாலு மழைக்கு விளைகிற கடலை எங்க பயிர்தான்.

கலிஃபோர்னியா விவசாயி மேலேயும் எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால் பொறாமை. உலகத்துப் பாதாமில் நூற்றுக்கு எண்பது அங்கேதான் விளைகிறது. 1950லேயே அவர்கள் தங்களுக்கு ஒரு பாதாம் வாரியம் அமைத்துக்கொண்டார்கள். விற்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் இத்தனை என்று காசு பிடித்து, அந்தப் பணத்தில் ஆராய்ச்சியும் விளம்பரமும் செய்கிறார்கள். அந்த வாரியம் நம்ம நாட்டில் வந்து விளம்பரம் செய்கிறது. விளைவு, அவர்கள் ஏற்றுமதிக்கு இன்றைக்கு முதல் வாடிக்கையாளர் இந்தியாதான். விளைவிக்கிறவன் ஒன்றுகூடித் தன் பொருளுக்குத் தானே தமுக்கு அடிக்கிறான். கடலைக்கு யார் தமுக்கு அடித்தது? ஏலக்காய்க்கு நறுமணப்பொருள் வாரியம் இருக்கு, போடியில் ஏலம் நடத்துகிறார்கள். கடலைக்காரன் களத்தில் தனியாக நிற்கிறான்.

அங்கேயும் சும்மா விளையவில்லை. ஒரே ஒரு பருப்பு விளைய நாலு லிட்டர் அளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. 2012ல் இருந்து 2016 வரைக்கும் அங்கே பெரிய வறட்சி வந்தபோது இதை வைத்துத்தான் அந்த ஊர்க்காரர்களே பாதாம் தோட்டத்தைத் திட்டினார்கள். பிப்ரவரியில் பூக்கும்போது மகரந்தம் சேர்க்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தேனீப் பெட்டிகளை நாடு முழுக்க இருந்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறார்கள். தேனீயைக் கூலிக்கு லாரியில் கூட்டிப்போகிறார்கள் என்று படித்தபோது எனக்கு எங்க விடியக்காலை ஜீப்புதான் ஞாபகம் வந்தது.

இங்கே வருவதில் பெரும்பங்கு ஓட்டோடுதான் வருகிறது. ஏன் தெரியுமா? வரி ஒரு காரணம். ஓட்டோடு வந்தால் கிலோவுக்கு 35 ரூபாய் சுங்கம், பருப்பாக வந்தால் 100 ரூபாய். 2019 ஜூனில் அமெரிக்காவோடு நடந்த வரிச்சண்டையில் அதுக்கு மேலே கொஞ்சம் ஏற்றினார்கள், 2023 செப்டம்பரில் ஏற்றினதை எடுத்துவிட்டார்கள். ஓட்டை உடைக்க இங்கே கைகள் மலிவு. தில்லியில் கரவால் நகர் என்று ஒரு இடம். அங்கே வீட்டுக்கூடத்திலும் கிடங்கிலும் உட்கார்ந்து பாதாம் உடைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2009 டிசம்பரில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது 23 கிலோ மூட்டை ஒன்றுக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி 50 ரூபாய். போடி கிடங்குகளில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குகிற எங்க பொம்பளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் ஒட்டியிருக்கிற பச்சை இலைப் படத்தில் இந்த விரல்கள் எதுவும் இருக்காது.

இப்போ மரத்துக்கு வருகிறேன். எங்க பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு பெரிய வாதாங்கொட்டை மரம் நிற்கிறது. என் வயசைவிடக் கூட இருக்கும். கிளை தட்டுத் தட்டாக, கோயில் கோபுரத்தைத் தலைகீழாக வைத்த மாதிரி. அதை எடுத்துவிட்டுத் தரையில் சிமெண்டுக் கல் பதித்துத் தகரப் பந்தல் போடலாம் என்று பேச்சு நடக்கிறது. காரணம் மூணு சொல்கிறார்கள். இலை கொட்டிக் குப்பையாகிறது, பயல்கள் காய்க்குக் கல் விடுகிறான்கள், வௌவால் வருகிறது.

இலை கொட்டும், உண்மை. வருஷத்துக்கு ரெண்டு தடவை மரமே சிவந்து, செம்பு நிறத்தில் எரிகிற மாதிரி நின்று, பிறகு கொட்டும். சாக்கடை பக்கத்தில் நட்டால் அடைத்துக்கொள்ளும், அங்கே நடக்கூடாதுதான். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். சென்னையில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் கண்ணாடித் தொட்டியில் சண்டைமீன் வளர்க்கிறான். அந்த மீனுக்குத் தண்ணீர் பதமாக இருக்க, காய்ந்த பாதாம் இலை போடணுமாம். பத்து இலை கொண்ட பாக்கெட்டைக் கூரியரில் வரவழைக்கிறான். இதே இலைதான், பிரித்துக் காட்டினான். இங்கே குப்பை என்று கொளுத்துகிறோம், அங்கே கூரியர். "மாமா, ஒரு மூட்டை அனுப்புங்க"ன்னு வேறு கேட்டான். அனுப்பினேன்.

பயல்கள் கல் விடுகிறான்களா? விடத்தான் செய்வான்கள். மத்தியானச் சோற்றுக்கும் சாயங்கால மணிக்கும் நடுவில் பசிக்கும், மரத்தில் தின்கிறது தொங்குகிறது. கல் விடுவதை வாத்தியார் கண்டிக்கலாம். அதற்காக மரத்தை வெட்டுவது, பிள்ளை அழுகிறது என்று தொட்டிலை உடைக்கிற கதை. தகரப் பந்தலுக்குக் கீழே மத்தியானம் ரெண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிழலா அடுப்பா என்று. வௌவாலுக்கு மேலே சொன்னேன். கடித்ததைக் கூட்டித் தள்ளிப் புதைத்துவிட்டு, பிள்ளைகளைக் கை கழுவச் சொன்னால் போதும்.

விறகு வியாபாரி ஒருத்தரை விசாரித்தேன். ரெண்டு மரத்துக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேலே தாண்டாது என்றார். நம்ம மதுரை சார் கன்றுக்குக் கொடுத்த காசு அதைப்போல ரெண்டு பங்கு. நர்சரிக்காரன் கன்று எடுத்ததும் இதே மாதிரி ஏதோ ஒரு மரத்தடியில் பொறுக்கின கொட்டையில்தான் இருக்கும்.

சார் அறுபது மரத்தையும் வைத்துக்கொண்டார். போன வருஷம் முதல் காய் வந்தது. எந்த மரத்தில் பருப்பு பெருசு என்று ஒவ்வொன்றிலும் பத்துக் கொட்டை உடைத்து, எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் இருந்த மனுஷர், நோட்டு அழகாக எழுதுகிறார். நல்ல மரம் நாலு தேறினால் அதன் கொட்டையை நாற்றுவிட்டு, கேட்கிறவர்களுக்கு நாட்டு வாதுமை என்று பேர் சொல்லியே கொடுக்கப்போகிறோம். விலை பற்றி இன்னும் பேசவில்லை.

உங்க தெருவிலும் இந்த மரம் நிற்கும், சென்னையில் நிறையவே பார்த்திருக்கிறேன். காலையில் கூட்டுகிறவர் வருவதற்கு முன்னால் போய்ப் பொறுக்குங்கள். பல் படாத பழமாகப் பாருங்கள். கழுவி, சதை வற்றிச் சுருங்கும் வரைக்கும் மொட்டைமாடியில் காயப்போடுங்கள். பச்சையாக உடைத்தால் கல் வழுக்கி விரலில்தான் விழும். கொட்டையைப் படுக்கவைத்து அடிக்காதீர்கள், பருப்பு நசுங்கிவிடும். ரெண்டு பக்கமும் விளிம்பு மாதிரி ஓடுகிறதே, அந்த விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து, அம்மிக்குழவியால் ஒரே அடி. தப்பினால் இன்னொரு அடி.